பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆளுநர்

ஓடுகிற படத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழ் சொல்வது, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏச்சு வாங்குகிற வேலை. கூட்டங்களில் மொழிபெயர்க்கப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டியவர்களுக்கு இது விளங்கும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில், மாடிக் கட்டடம் ஒன்றின் கீழறையில், எங்கள் முதியோருக்கு ஞாயிறுதோறும் விவரணப்படம் காட்டினோம். நல்ல காலம் அது. ஒருமுறை பழைய அமெரிக்கப் படம் ஒன்று. வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் இரண்டு கறுப்பினப் பிள்ளைகள் போகவேண்டும். ஆளுநர் வாசலை மறித்து நிற்கிறார்.

யார் பெரிய ஆள்?

முன்வரிசையில் செல்வராசா அங்கிள், கொழும்பில் கந்தோர் வேலை பார்த்தவர், சனாதிபதி ஏன் இந்த ஆளுநரை நீக்கவில்லை என்று கையை உயர்த்தினார். அங்கே ஆளுநரைச் சனங்களே தெரிவுசெய்வது, சனாதிபதியால் நீக்க முடியாது என்று நான் விளக்கி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உது சரிவராது தம்பி. எங்கட சனாதிபதியெண்டால் ஆளை அண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பார்."

ஓயாத போன்

பிறகு படம் முழுக்கப் போன்தான். சனாதிபதியின் ஆட்கள் ஒரு பக்கம், ஆளுநரின் ஆட்கள் மறுபக்கம். மூச்சுவிடாமல் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து புவனம் அன்ரி மறித்தார்: "இவ்வளவு பேரும் கதைக்கினம். அந்தப் பிள்ளையள் சாப்பிட்டுதுகளோ எண்டு ஆராவது கேட்டவையே?"

வாங்கு

கடைசியில் சனாதிபதி படையை இறக்கியதும் ஆளுநர் விலக, பிள்ளைகள் உள்ளே போனார்கள். எல்லோரும் கைதட்டினோம். புவனம் அன்ரி தட்டவில்லை. "எங்களையும் பள்ளிக்கூடத்துக்குள்ளை விட்டவை. நிலத்திலை இருத்தினவை. வாங்கிலை இருந்தது பெரிய சாதிப் பிள்ளையள்," என்றார். எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தோம். அவரும் செல்வராசா அங்கிளும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அங்கிள் திரும்பினார். "நான் இருந்த வாங்கு இப்பவும் கண்ணுக்கை நிக்குது, தங்கச்சி. நீங்கள் நிலத்திலை இருந்தது ஞாபகம் வரேல்லை. அதுதான் பயமாயிருக்கு."

அடுத்த ஞாயிறு

அன்ரி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அங்கிள் நேரத்தோடு வந்து, பக்கத்துக் கதிரையில் தன் ஜக்கெற்றைப் போட்டு இடம் பிடித்திருந்தார். யார் கேட்டும் கொடுக்கவில்லை. படம் தொடங்கிய பிறகு அன்ரி வந்தார். நேரே அந்தக் கதிரையடிக்குப் போனார்.

"ஜக்கெற்றை எடுங்கோ அண்ணை, நான் இருக்கவேணும்."

அந்த அறையில் இப்போது உடற்பயிற்சி மெசின்கள், அங்கிள் இப்போது மகனோடு ஸ்ரௌவ்வில் என்கிற தூரத்து ஊரில்; எத்தனையோ படங்களுக்குத் தமிழ் சொன்ன எனக்கோ, அவர்கள் இருவரும் கதைத்தபோது வாயைத் திறக்காமல் நின்ற அந்த இரண்டு ஞாயிறுகளில்தான் ஒழுங்காக வேலை செய்ததுபோல் இருக்கிறது.