கூர்கூராய் நின்ற முடி

குன்னூரில் என் பார்லருக்கு ஒரு ஞாயிறு ஒருவர் வந்தார். ஏதோ ஆபீசில் கிளார்க், நாற்பது வயதிருக்கும். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் நாயகி ஒருத்தியின் படத்தைக் காட்டி, முடியை அப்படியே கூர்கூராக நிறுத்தச் சொன்னார்.

"விக் வெச்சுக்கலாமுங்களே?"

"என் முடியிலேயே வேணுமுங்க."

வெளியே மூடுபனி. அந்த ஈரத்தில் ஒரு முனையை நிமிர்த்தினால் இன்னொன்று சாய்ந்தது. மூன்று மணி நேரத்தில் ஸ்பிரே தீர்ந்து, என் தோளும் விட்டுப்போனது. "இன்னுங் கொஞ்சம் மேலங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும், பையிலிருந்து அந்த நாயகி போட்டிருந்தது போன்ற சிவப்பு அங்கியை எடுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார்.

"ஐயோ, அத்தனையும் அமுங்கிருமுங்க! வேஷப் போட்டிக்குப் போவலீங்களா?"

"போட்டியெல்லாம் இல்லீங்க. நான் பாத்துட்டனுங்க, போதும்."

ஸ்கூட்டரில் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு வேறொரு படத்தோடு வந்து நின்றார். திட்ட வாயெடுத்தவள், நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.