பன்னிரண்டு இடமும் ராஜலெட்சுமியும்

மெஷின் பொய் சொல்லாது என்று நம்பும் தேயிலைத் தோட்டத் துரையும், தன் புரோகிராமில் பிழையே வராது என்று நம்பும் எஞ்சினியரும் ஓரிடத்தில் சேர்ந்தால், கொழுந்து பறிக்கிறவள் தலையில்தான் விடியும். அந்த எஞ்சினியர் நான்தான்.

1. சைபர்

பதுளையில் எங்கள் சின்னக் கம்பெனி, பசறைப் பக்கத் தோட்டமொன்றுக்குக் கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசு செய்து கொடுத்தது. புரோகிராமை சி மொழியில் நான் எழுதினேன். மூன்றாம் நாளே தோட்டத்திலிருந்து போன் வந்தது.

போய்ப் பார்த்தால், நிறுவைக் கொட்டகையில் ராஜலெட்சுமி என்ற தொழிலாளி நிற்கிறார். காலடியில் சாக்கு நிறையக் கொழுந்து. துரை கையில் தராசு அச்சடித்த மூன்று துண்டுச் சீட்டு.

"மூணு நாளா சைபர் கிலோ! மெஷின் பொய் சொல்லுமா? செக்ரோல்ல இருந்து இவ பேர வெட்டு" என்று, தொழிலாளர் பதிவேடு வைத்திருந்த கணக்கப்பிள்ளையிடம் கத்தினார்.

"தொரை, சாக்கு ஒங்க கண்ணு முன்னாலதானே கெடக்கு!" என்றார் ராஜலெட்சுமி. துரை சாக்கைப் பார்க்கவில்லை. சீட்டையே பார்த்தார்.

லேப்டாப்பைத் திறந்தேன். பெயருக்கு நான் ஒதுக்கிய array என்ற பெட்டியில் பன்னிரண்டு இடம். ராஜலெட்சுமி, ஆங்கிலத்தில் RAJALETCHUMY, சரியாகப் பன்னிரண்டு எழுத்து. ஆனால் சி மொழியில் string, அதாவது எழுத்துத் தொடர், முடிந்தது என்று காட்ட கடைசியில் ஒரு சைபர் வேண்டும். அதற்கு இடமில்லாததால் பக்கத்தில் பதிந்திருந்த கிலோவின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. நான் டெஸ்ட் பண்ணியதெல்லாம் எங்கள் ஆபீஸ் சிவா, ரவி, குமார் பெயர்களை வைத்து. வெட்கக்கேடு!

விளக்கினேன். துரை உடனே தீர்ப்புச் சொன்னார்: "அப்ப பேர்ல ஒரு எழுத்தக் கொறச்சிரு."

"எம் பேர ஏன் கொறைக்கணும்? தம்பி, ஒங்க பொட்டிய பெருசாக்குங்க" என்றார் ராஜலெட்சுமி.

செக்ரோலில் அவர் பெயர் வெட்டுப்படாமல் நின்றது. நானும் பெட்டியைப் பெரிதாக்கினேன். எவ்வளவு? பதின்மூன்று! மகா கெட்டிக்காரன்.

2. எண்பத்தொன்பது

அடுத்த வாரம் அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கும் தராசு போனது; கூடவே நானும் போனேன். அங்கே விஜயலெட்சுமி என்றொரு தொழிலாளி, ஆங்கிலத்தில் VIJAYALETCHUMY. பதினான்கு எழுத்து. கடைசி எழுத்தான Y, கிலோ இருந்த இடத்தில் விழுந்தது. கம்ப்யூட்டருக்கு Y என்றால் எண்பத்தொன்பது. சீட்டில் எண்பத்தொன்பது கிலோ!

மறுநாள் துரை இரண்டு பிரிவு ஆட்களையும் கூட்டி, "இவள மாதிரி பறிங்க!" என்று கைதட்டினார்.

ராஜலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவ நேத்து காய்ச்சலுன்னு பத்து மணிக்கே லயத்து வீட்டுக்குப் போயிட்டாளே, தொரை!"

துரை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இளைய நண்பர்களே, array-ஐப் பெரிதாக்குவது மட்டும் வைத்தியமல்ல. பெயரை copy பண்ணும் முன் அதன் நீளத்தை அளந்து பாருங்கள். இப்போது நான் எந்தத் தராசைக் கொடுத்தாலும், தோட்டத்துச் செக்ரோலை முழுசாக வாங்கி, எல்லாப் பெயரையும் போட்டு டெஸ்ட் பண்ணுகிறேன். அந்த முதல் சீட்டு மூன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன. மூன்று நாளும் அந்தச் சாக்கைத் தூக்கி வந்தவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.