வழுக்கலையும் கணக்கில் சேர்த்தவள்

ட்வைலா ஹார்ட்விக் தன் திறமையால் அறிவியல் போட்டிக் குழுவில் சேரவில்லை. குழுவுக்குப் பதினைந்து பேர் வேண்டும். அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னப் பள்ளியில் பதினான்கு பேர்தான் தேறினார்கள். பள்ளி விட்டதும் கோழிப்பண்ணைக்கு முட்டை அடுக்கப் போகும் பெண்ணைப் பதினைந்தாவதாக எழுதிக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாமல் கிடந்த எலிப்பொறி வண்டிப் பிரிவு அவள் தலையில் விழுந்தது. கூட்டாளி எம்மெட் சோர்லி. ஆறடி உயரம், ஓயாத வாய்.

"மிச்சமும் சொச்சமும் ஒண்ணு சேர்ந்தாச்சு," என்றான் அவன்.

"வாயை மூடிட்டு அந்த அட்டையை வெட்டுடா," என்றாள் ட்வைலா.

பொறி வீட்டுச் சமையலறையிலிருந்தே வந்தது. எத்தனை துடைத்தும் எலிக்கு இரையாக வைத்த வேர்க்கடலை வெண்ணெய் வாசம் போகவில்லை. தபாலில் இலவசமாக வந்து குவிந்த இணைய நிறுவன விளம்பரக் குறுந்தகடுகள் சக்கரங்களாயின. பிடிமானத்துக்கு அவற்றின் விளிம்பில் பலூனை வெட்டி மாட்டினாள். பொறியின் ஸ்பிரிங் படாரென்று மடங்கும்போது நூல் இழுபட்டுப் பின் அச்சு சுழலும், வண்டி ஓடும்.

ஓட்டுவதில் ஒன்றுமில்லை, நிறுத்துவதில்தான் எல்லாம். கோடு எத்தனை தூரத்தில் என்பதைப் போட்டி நாளில்தான் சொல்வார்கள். அதன்மேல் வண்டி தானாக நிற்க வேண்டும். ட்வைலா அச்சுக்கு மரை போட்ட கம்பியைப் பொருத்தி, அதில் ஒரு நட்டை ஏற்றினாள். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நட்டு ஒரு மரை நகரும். கடைசியில் போய் இறுகிக்கொண்டால் சக்கரம் நின்றுவிடும். ஒரு சுற்றுக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இத்தனை மரை என்றால் இத்தனை தூரம்.

குளிர்காலம் முழுக்கப் பள்ளி நடைபாதையில் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை பொறி விரலைக் கவ்வியது. கட்டைவிரல் நகம் கறுத்துச் செத்தது. எம்மெட் அதற்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினான்.

மார்ச் மாதம் மாநிலப் போட்டி. பள்ளிப் பேருந்தை ஓட்டிப்போனது ட்வைலாவின் அம்மா ஜோலீன். பெரிய உடற்பயிற்சிக் கூடம். தரை முகம் பார்க்கலாம் போல மின்னியது. பக்கத்து மேசையில் நகரத்துப் பள்ளியின் பிரெஸ்டன், விலை உயர்ந்த கார்பன் இழைச் சக்கரம் பூட்டிய வண்டியோடு நின்றான். அவன் மூக்கைச் சுளித்தான்.

"என்ன இது, எலி செத்த நாத்தம்?"

"நேத்துதான் அடக்கம் பண்ணினோம்," என்றான் எம்மெட். "குடும்பமே துக்கத்துல இருக்கு. கொஞ்சம் மரியாதையாப் பேசு."

தூரம் எட்டு மீட்டர் என்றார் நடுவர். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. பிரெஸ்டனின் வண்டி முதல் ஓட்டத்தில் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டாவதில் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். அதுவரை அதுதான் முதலிடம்.

ட்வைலா எட்டு மீட்டருக்கு மரையை எண்ணி நட்டை வைத்து, பொறியைத் தட்டிவிட்டாள். வண்டி அம்பாகப் பாய்ந்தது. கோட்டில் சக்கரம் சரியாக இறுகியது. ஆனால் வண்டி நிற்கவில்லை. இறுகிய சக்கரத்தோடு மெழுகுத் தரையில் வழுக்கிக்கொண்டே போனது. நாடாவைப் பிடித்த நடுவர், "ஐம்பத்தேழு சென்டிமீட்டர்," என்றார்.

"போச்சு," என்றான் எம்மெட். முதல் முறையாக அவனிடம் ஒரு கேலியும் மிச்சமில்லை. "தரை சரியில்லைன்னு புகார் குடுக்கலாமா?"

ட்வைலா மண்டியிட்டு அந்த மினுக்கும் தரையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஐஸ் ரோட்டுல உங்கப்பா வேனை எப்படிடா நிறுத்துவ?"

"முன்னாடியே மிதிப்பேன். வழுக்கிட்டே போய்த் தானா நிக்கும்."

"அவ்ளோதான். சக்கரம் சரியாத்தான் நின்னுச்சு. வழுக்கினதும் தூரம்தானே? ஐம்பத்தேழுன்னா ஒன்றரைச் சுத்து."

"மறுபடியும் அதே அளவு வழுக்கும்னு என்ன நிச்சயம்?"

"அதே வண்டி, அதே தரை, அதே ஸ்பிரிங். வேற எங்கடா போகப்போகுது?"

நட்டை இறுகும் முனையை நோக்கி ஒன்றரை மரை நகர்த்தினாள். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். பொறி மடங்கியது. வண்டி பாய்ந்து, கோட்டுக்கு முன்னாலேயே சக்கரம் இறுகியது. "சீக்கிரமே நின்னுடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். நிற்கவில்லை. சின்னச் சீறலோடு வழுக்கி வந்து, மூச்சு விடுவது போல மெதுவாக அடங்கியது.

நடுவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை குனிந்தார்.

"நாலு மில்லிமீட்டர்."

பார்வையாளர் படிக்கட்டின் உச்சியிலிருந்து, "அது என் பொண்ணு!" என்று ஜோலீன் அலறியது கூடம் முழுக்கக் கேட்டது. எம்மெட் ட்வைலாவைத் தூக்கிச் சுற்றினான். பிரெஸ்டன் வந்து கைகொடுத்தான்.

"ஒன்றரைச் சுத்துன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எங்க ஊரு ஐஸ் ரோட்டுக்கு ஜனவரில வா, சொல்றேன்."

திரும்பும் வழியில் ஜோலீன் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை ஒன்றில் பேருந்தை நிறுத்தி, பதினைந்து பேருக்கும் ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் பை சொன்னாள். ட்வைலாவின் கழுத்தில் தங்கப் பதக்கத்தைப் பார்த்த பரிமாறுகிற அம்மாள், "எதுக்கு இது கண்ணு?" என்று கேட்டாள். ட்வைலா எழுந்தாள். வண்டியை நீண்ட சாப்பாட்டு மேடையின் ஒரு முனையில் வைத்தாள். தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருந்த லாரிக்காரர்கள் அவரவர் காப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டார்கள். வண்டி அத்தனை தொப்பிகளுக்கும் முன்னால் சீறிப்போய்க் கடைசி ஆளின் தட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

"இன்னொரு தடவை ஓட்டும்மா!" என்றார் அவர், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு.