பொன்னுத்துரை போட்ட சுடுதண்ணித் தொட்டித் திட்டம்

பொன்னுத்துரை ஒரு வேலைக்காக மட்டும் வீட்டை விட்டு இறங்கமாட்டார். குண்டசாலையில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். தபாற்கந்தோருக்குப் போகவேண்டுமென்றால் தண்ணீர் பில்லும் வந்திருக்க வேண்டும், மூக்குக்கண்ணாடிக் கடை வேலையும் சேர்ந்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்த பிறகுதான் கண்டி பஸ்ஸில் ஏறுவார். அரசாங்கக் களஞ்சியம் ஒன்றில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வீட்டையும் களஞ்சியம் மாதிரியே நடத்தினார். இந்த வீட்டைக் கட்டியபோது கதவையும் யன்னலையும் ஒரே தச்சனைக் கொண்டு ஒரேயடியாகப் பொருத்திப் பூட்டினால் கூலி மிச்சம் என்று, ஒரு மாரி முழுக்க மனைவியைக் கதவில்லாத குசினியில் படங்கு கட்டிச் சமைக்க வைத்தார். தன்னுடைய அறுபதாம் கலியாணத்தையும் மகன் தர்சன் கனடா போகிற பிரியாவிடையையும் ஒரே சாப்பாட்டில் முடித்தார். வாழ்த்துவதா கலங்குவதா என்று தெரியாமல் வந்தவர்கள் முழிக்க, பத்மாதேவி மட்டும் இரண்டையும் மாறிமாறிச் செய்தார்.

ஊரார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்த மிச்சம் பிடிப்பில்தான் சாவகச்சேரியிலிருந்து வெறுங்கையோடு வந்த மனிதருக்கு இந்த மலைச்சரிவில் ஒரு வீடு எழும்பியது. தர்சன் படித்ததும் அதில்தான்.

பத்மாதேவிக்கு முழங்காலிலும் இடுப்பிலும் வாதம். கண்டிப் பக்கத்துக் குளிரில் விடியற்காலையில் கட்டிலை விட்டு எழும்பவே அவருக்குப் பெரும்பாடு. ஒரே ஒருமுறைதான் அந்த நோவு விட்டுக்கொடுத்தது. தாயாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் திருகோணமலை கன்னியாவுக்குப் போனபோது, அங்கே வெந்நீர்க் கிணறுகளில் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டார். அன்று இரவு கைத்தாங்கல் இல்லாமல் படியேறினார். பொன்னுத்துரை அதை மறக்கவில்லை. பல வருஷம் கழித்துத் தர்சன் தொலைபேசியில், "அப்பா, இஞ்சை கனபேர் வீட்டிலை ஹொட் டப் எண்டு சுடுதண்ணித் தொட்டி வைச்சிருக்கினம். அம்மான்ரை வருத்தத்துக்கு நல்லதெண்டு டொக்டர்மாரே சொல்லுகினம். பாதிக் காசு நான் அனுப்பிறன்" என்றபோது, அவருக்குக் கன்னியாவே வீட்டுக்கு வருகிற மாதிரி இருந்தது.

"எனக்கேன் உந்தத் தொட்டி? நானென்ன சினிமாக்காரியோ, தொட்டிக்கை கிடக்க?" என்றார் பத்மாதேவி.

"நீர் சும்மா இரும். நான் எஸ்டிமேட் போடுறன்."

எஸ்டிமேட் என்று இறங்கியதும் மனிதர் பத்து வயது குறைந்துவிட்டார். தொட்டியின் விலை மொத்தச் செலவில் பாதிதான் என்று அவர் கண்டுபிடித்தபோது கவலைப்படவில்லை, உற்சாகம்தான் கூடியது. இரண்டு பேர் இருக்கக்கூடிய தொட்டி போதும். ஆனால் நிரம்பினால் அது ஒரு வேனின் பாரம் இருக்கும். சரிவு நிலத்தில் அதைச் சும்மா வைக்கமுடியாது. பின்வளவைச் சமப்படுத்தி, கம்பி கட்டிக் கொங்கிரீட் தளம் போடவேண்டும். தளம் நழுவாமல் கீழ்ப்பக்கம் தாங்குசுவர் வேண்டும். கழிவுத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் முற்றத்துக்குப் போகாமல் கான் வெட்டவேண்டும். மின்சாரத்துக்குத் தனி வயர், மழைக்குக் கூரை, சூடு போகாமல் மூடி. பிறகு மாதாமாதம் ஏறப்போகிற மின்சார பில். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கொழும்பு முகவரிடம் மூன்று விலை கேட்டு, வைப்பில் கிடந்த காசில் கை வைத்தார். தன் வாழ்நாளில் அவர் தனக்கென்றோ அவவுக்கென்றோ செய்யப்போகிற மிகப் பெரிய செலவு அது. அதில் ஒரு சதமும் வீணாகக்கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

பத்மாதேவி கேட்டது வேறு. "இஞ்சாருங்கோ, பாத்ரூமிலை பிடிக்க ஒரு கம்பி பூட்டித் தாங்கோவன். எழும்பேக்கை கால் நடுங்குது."

பொன்னுத்துரை மறுக்கவில்லை. அவர் எதையும் மறுக்கிற மனிதர் அல்ல. அடுத்த முறை அக்குறணைப் பக்கம் வேலை சேர்ந்தபோது, பஹ்மியின் ஹார்ட்வெயார் கடையில் கொங்கிரீட்டுக்குக் கம்பி விலை கேட்கப் போன கையோடு நல்லதொரு துருப்பிடிக்காத கைபிடியும் வாங்கினார்.

"ஒரு ஆள இன்டைக்கே அனுப்பட்டா ஐயா? சின்ன வேல தானே" என்றார் பஹ்மி.

"வேண்டாம். தொட்டிக்குப் பக்கத்திலை தரை ஓடு பதிக்க ஆள் வரத்தானே போறான். அவனைக் கொண்டு ஒரேயடியா இதையும் பூட்டுவிப்பம். பழைய ஓட்டிலை துளை போட்டு வெடிச்சாலும் அவனே மாத்திப்போடுவான்."

நியாயமான கதைதான். அவர் சொன்ன எந்தக் கதையும் நியாயமில்லாமல் இருந்ததில்லை. கைபிடி அலுமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. பத்மாதேவி இன்னும் இரண்டொரு தடவை கேட்டார். "தொட்டியோடை எல்லாம் வருது பத்மா, கொஞ்சம் பொறும்" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அவ மேலே கேட்கவில்லை. குளிக்கும்போது வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பழகினார்.

தளம் போட ஜீவன் வந்தார். ஹேவாஹெட்ட தோட்டமொன்றில் பிறந்து, மேசன் வேலை பழகி, இப்போது குண்டசாலையில் ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்பவர். மழை விட்டுவிட்டுப் பெய்ததில் வேலை இழுபட்டது. கடைசியில் ஒரு வெயில் நாள் பார்த்துக் கொங்கிரீட் விழுந்தது. அந்தச் சரிவு வளவில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருளாமல் நிற்கக்கூடிய ஒரே இடம் அதுதான். பொன்னுத்துரை பத்மாதேவியைக் கதிரையோடு கொண்டுவந்து வைத்துக் காட்டினார்.

"வடிவாக் கிடக்கு" என்றார் பத்மாதேவி. மனதாரத்தான் சொன்னார்.

"ஒரு கிழமைக்குத் தண்ணி காயவிடாதீங்க ஐயா, காஞ்சா வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஜீவன். பொன்னுத்துரை விடுவாரா. காலையும் மாலையும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்படி ஒரு காலை குழாயும் கையுமாக நிற்கும்போதுதான் உள்ளிருந்து சத்தம் கேட்டது. முதலில் வாளி உருண்ட சத்தம். பிறகு, "இஞ்சாருங்கோ."

"வாறன், வாறன்" என்றார்.

ஒரு மூலை இன்னும் நனையவில்லை. அதை நனைத்தார். போகிற வழியில் தளத்தை மூடுகிற சாக்குகளையும் நனைத்து விரித்துவிட்டுப் போனால் மத்தியானம் மறுபடி வரத் தேவையில்லை என்று, அதையும் செய்தார். குழாயை மூடியபோதுதான் அவ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பது கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் அது அமுங்கிப்போயிருந்தது. ஓடினார்.

பத்மாதேவி ஈரத்தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு குளிர்ந்து விறைத்திருந்தது. ஒரு கை சுவரில், வெறும் ஓடுகளைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததைப் பொன்னுத்துரையால் பிறகு மறக்க முடியவே இல்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் சளி நெஞ்சில் இறங்கிவிட்டதால் பொறுக்கச் சொன்னார்கள். கட்டிலருகில் உட்கார்ந்திருந்த பொன்னுத்துரையிடம் பத்மாதேவி ஒருநாள் பின்னேரம் கேட்டார். குரலில் குறை சொல்கிற சாயலே இல்லை.

"அந்தக் கம்பியைப் பூட்டியாச்சோ?"

"இன்னும் இல்லை."

"நான் வரமுந்திப் பூட்டிவிடுங்கோ. வந்தா பிடிக்கவேணுமெல்லே."

பொன்னுத்துரை உடனே எழும்பினார். மருந்துக்கடையில் கொடுக்க ஒரு மருந்துத் துண்டு மிச்சம் இருந்தது, வங்கியில் ஒரு கையெழுத்து இருந்தது. ஒன்றுக்கும் போகாமல் முச்சக்கரவண்டி பிடித்து நேரே வீட்டுக்கு வந்தார். ஜீவனைக் கூப்பிட்டு, அலுமாரியில் இருந்த கைபிடியின் உறையைத் தன் கையாலேயே கிழித்துக் கொடுத்தார். ஜீவனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டு வைத்தார்.

அந்தத் தேத்தண்ணி ஆற முன்னம் வேலை முடிந்துவிட்டது. ஒரு ஓடும் வெடிக்கவில்லை.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

"அவ்வளவுதாங்க ஐயா."

ஜீவன் போன பிறகு பொன்னுத்துரை பாத்ரூமுக்குள் போய்க் கைபிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தார். அது அசையவில்லை. அசைந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்து, கதவைக்கூடச் சாத்தாமல் வாய்விட்டு அழுதார்.

இரண்டு நாளில் பத்மாதேவி போய்விட்டார். கைபிடி பூட்டியாயிற்று என்று பொன்னுத்துரை சொன்னபோது அவவுக்கு நினைவு தப்பியிருந்தது. கேட்டதா கேட்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

தர்சன் விமானம் பிடித்து வந்தான். விறாந்தை ஒடுக்கம், முன்வளவு முழுக்கச் சரிவு. கிரியைக்குப் பந்தல் எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்த குருக்களுக்கு, பின்வளவில் புதுச் சீமெந்துத் தளம் கண்ணில் பட்டது. "இது நல்ல சமமாயிருக்கு. தண்ணி ஓடக் கானும் இருக்கு. இதிலையே செய்வம்" என்றார். தர்சன் தகப்பனைப் பார்த்தான். பொன்னுத்துரை தலையாட்டினார். தளத்தின் நடுவில், தொட்டி வைக்கவென்று அவர் அளந்து குறித்திருந்த இடத்தில் நீள வாங்குப் பலகையைப் போட்டு, அதில் பத்மாதேவியைக் கிடத்தினார்கள்.

அரப்பும் எண்ணெயும் வைத்துக் குளிப்பாட்டுகிற நேரம் வந்தது. பைப்பில் பிடித்த குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பொன்னுத்துரை குனிந்து அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். மலைத் தண்ணீர், சில்லென்று இருந்தது.

"பச்சைத் தண்ணி வேண்டாம். சுடவைச்சுக் கொண்டுவாங்கோ" என்றார்.

வழக்கம் பச்சைத் தண்ணிதான். ஆனால் குருக்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுக்கச் சொன்னார்.

செத்தவீட்டுக் குசினியில் அடுப்பு எரிவதில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கீழ்வீட்டு வளவில் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஜீவன் மேலே வந்து, மெதுவாகச் சொன்னார்.

"கேத்தல் எறக்கினதும் அதே அடுப்புல வச்சிரலாங்க ஐயா. ஒரே நெருப்புல ரெண்டும் ஆயிரும்."

"வேண்டாம்" என்றார் பொன்னுத்துரை. "இதுக்கெண்டு தனியா ஒரு அடுப்பு மூட்டும்."

தாங்குசுவர் கட்டி மிஞ்சிய கல்லில் மூன்றைக் கொண்டுவந்து ஜீவன் அடுப்புக் கூட்டினார். தளம் போட அடித்த பலகைத் துண்டுகளைப் போட்டு நெருப்பு மூட்டினார். பொன்னுத்துரை அதன் பக்கத்தில் குந்தி, அடிக்கொரு தரம் குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தபடி இருந்தார்.

"போதுங்களா ஐயா?" என்றார் ஜீவன்.

"இன்னும் கொஞ்சம் சுடட்டும். அவவுக்குக் குளிரும்."

தண்ணீர் சுடும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.