பூங்காவனத்தின் ஒப்பரேஷனும் ஒரு பிளாஸ்க் சாயத்தண்ணியும்

கிட்ட வந்து உட்காருங்க, ஆஸ்பத்திரிக் கதையைச் சத்தமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நான் ட்ரொலி தள்ளுகிறவன். முஸ்லிம் ஆள் என்பதால் வார்ட்டில் எல்லாருக்கும் நான் 'நானா', அதாவது அண்ணன். இந்தத் தொழிலில் மனுஷர் முகத்தை எப்போதும் தலைகீழாகத்தான் பார்க்கக் கிடைக்கும். தலைமாட்டில் நின்று தள்ளுகிறவனுக்கு, படுத்திருக்கிற ஆள் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சட்டென்று பிடிபடாது. பதுளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, எதுவென்று கேட்காதீங்க. நீங்களும் வராந்தாவில் காத்துக் கிடந்து கால் கடுத்தவர்கள்தானே, எல்லா வராந்தாவும் ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரியும்.

விரதம்

பூங்காவனம் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். கொழுந்து பறிக்கிற வேலை. வயிற்றில் கட்டி. அது திருகிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வார்ட்டு நர்ஸ் சந்திரா மிஸ் சிங்களம் பேசுகிற வீட்டுப் பிள்ளை. தமிழெல்லாம் நோயாளிகளிடம் பொறுக்கியது. அதனால் வலி, குத்து, எரிச்சல், மயக்கம் எல்லாம் கடகடவென்று வரும்; 'இன்றைக்கு நல்ல வெயில்' என்று சொல்லச் சொன்னால் முழிப்பார்.

ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் மிஸ் வந்து, "நாளைக்கு விரதம், அம்மா. ஒண்ணும் சாப்பிட வேணாம்" என்றார். புதுச் சொல் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்த சந்தோஷம் முகத்தில். பூங்காவனம் பக்தியோடு தலையாட்டினாள். காலையில் நான் ட்ரொலியோடு போய் நின்றால், அவள் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு பிளாஸ்க் மூடியில் சாயத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிறாள். பால் போடாத வெறும் தேத்தண்ணிதான். ஆனாலும் வயிற்றில் அது கிடக்கும்போது மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள்; ஒப்பரேஷன் தள்ளிப்போனது. மிஸ் ஓடிவந்து மூடியைப் பிடுங்கியதும், அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க நானா இது? சாயத்தண்ணிகூட இல்லாம எந்த ஊர்லங்க விரதம் இருக்காங்க?"

நடக்கிற மனுஷன்

அவளுடைய புருஷன் ஆறுமுகம். வராந்தாவில் பெஞ்சு போட்டிருக்கிறது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். என் ட்ரொலியைக் கண்டால், யாரைத் தள்ளிக்கொண்டு போனாலும் கூடவே வருவார். "இது வேற ஆள், ஆறுமுகம்" என்று ஒரு நாள் சொன்னேன். "தெரியும் நானா. சும்மா நின்னா காலு நடுங்குது, அதான்" என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத ஒரு கிழவரோடு எக்ஸ்ரே அறை வரைக்கும் வந்தார்.

மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. அவளுடைய போன் ஓயாது. கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் இவர் திணறுவதைப் பார்த்து, மிஸ் போனை வாங்கினார். ஆறுதல் சொல்ல வேண்டும். கையில் இருப்பதோ நோவுச் சொல் மட்டும். "மகள், பயம் வேணாம். அம்மாவுக்கு வலி இல்ல. எரிச்சல் இல்ல. குத்து இல்ல. மயக்கம் இல்ல. வாந்தியும் இல்ல" என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு பிள்ளையின் குரல் எனக்கே கேட்டது.

"ஒண்ணுமே இல்லைன்னா அம்மாவ எதுக்கு மிஸ் அங்க வச்சிருக்கீங்க?"

இரண்டாம் தடவை

அடுத்த முறை நானே எடுத்துச் சொன்னேன். "எங்கள் நோன்பு மாதிரி, தங்கச்சி. பச்சைத் தண்ணிகூட ஆகாது." அவளுக்கு நன்றாக விளங்கிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே விளங்கிவிட்டது. காலையில் ட்ரொலியைக் கண்டதும், யாரும் கேட்காமலேயே அவள் எழுந்து உட்கார்ந்து, "நான் சாயத்தண்ணி குடிச்சிட்டேங்க" என்றாள்.

அவளுடைய இடத்துக்கு வேறு ஆளைக் கொண்டுபோனோம். இன்னொரு தடவை இப்படியானால் பேரையே பின்னுக்குத் தள்ள வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். மிஸ் பூங்காவனத்தின் உதட்டைப் பார்த்தார், காய்ந்து வெடித்திருந்தது. பிளாஸ்கைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. திரையை இழுத்துவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "என்ன பயம், அம்மா?" என்றுதான் கேட்டார்.

பூங்காவனம் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "உள்ள மயங்கிக் கெடப்பேன். முழிச்சு வலிக்குதுன்னா யாருக்குங்க வெளங்கும்? நானாவையும் வாசலோட நிப்பாட்டிருவாங்க." நான் சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தேன், மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாம் அவருக்குத் தெரிந்த சொற்கள்தானே. "வலி எனக்கு விளங்கும், அம்மா. அது உங்கள் ஆளுங்க சொல்லித் தந்த பேச்சு. ஒப்பரேஷன் தியேட்டர்ல கேட்டுட்டு நானும் உள்ளே வாறேன்" என்றார்.

பூங்காவனம் நம்பவில்லை.

"வெளிய நின்னுக்கிட்டு எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவாங்க மிஸ்."

மிஸ்ஸின் பட்டினி

சந்திரா மிஸ்ஸுக்குக் காலையில் பிளேன்டி, அதுதான் சாயத்தண்ணி, இல்லாமல் ஆகாது. ஒரு கையில் கோப்பை, மறுகையில் கித்துள் கருப்பட்டித் துண்டு. கடித்துக் குடித்த பிறகுதான் வேலை ஓடும். வார்ட்டுக்கே தெரிந்த சங்கதி. மூன்றாவது முறை நாள் குறித்ததும், அவர் பூங்காவனத்தின் முன்னால் நின்று சொன்னார்: "நாளைக்கு நீங்க குடிக்க மாட்டீங்க. நானும் குடிக்க மாட்டேன். நீங்க முழிச்ச பிறகு, உங்க பிளாஸ்க்ல இருந்து குடிக்கிறேன்."

அன்றைக்கென்று பார்த்து, முன்னால் போன ஒப்பரேஷன் இழுத்துக்கொண்டே போனது. ஆறுமுகம் வராந்தாவைத் தேய்த்துவிட்டார். நான் ட்ரொலிச் சக்கரத்துக்கு மூன்று தடவை எண்ணெய் போட்டேன். மிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் போய்வந்தார். பூங்காவனத்தின் கண் அவர் பின்னாலேயே போனது. தன் பயம் மறந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எப்பங்க நானா கூப்புடுவாங்க? என்னைய அறுக்கிறதுக்கு முந்தி அந்தப் புள்ள சாயமில்லாம சாஞ்சிரும் போல இருக்கே!"

தியேட்டர் வாசல்

ஒருவழியாக அழைப்பு வந்தது. மிஸ் அவளுக்குத் தலைத்தொப்பி கட்டிவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆறுமுகத்துக்கு முதன்முறையாகச் சரியான ட்ரொலி கிடைத்தது. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் மிஸ் அவரைப் பெஞ்சுப் பக்கம் கூட்டிப்போய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பூங்காவனம் விரலால் என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"நானா, மிஸ் குடிச்சிருக்கு."

"என்ன குடிச்சாங்க?"

"சாயம்தான். தொப்பி கட்டக் குனிஞ்சப்ப மூச்சுல வாடை வந்துச்சு. கருப்பட்டி வாடையும் வந்துச்சு. பொறந்ததுல இருந்து அந்த வாடையிலேயே கெடக்குறேன், எனக்கா தெரியாது?"

என் கை ட்ரொலியில் அப்படியே நின்றுவிட்டது. இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன். "அப்போ திரும்பிப் போகணும்னு சொல்றியா, தங்கச்சி?" என்று கேட்டேன். தலைகீழாக அந்த முகத்தைப் பார்க்க, என்ன நினைக்கிறாள் என்றே தெரியவில்லை.

"எங்க வீட்டு ஆளுககூட எனக்காக இம்புட்டுப் பாடுபட்டு மண்டையிடி வந்த மாதிரி நடிச்சதில்ல. இந்தப் புள்ள உள்ள வரும். தள்ளுங்க நானா."

ஆறிப்போன சாயத்தண்ணி

மிஸ் உள்ளே போனார், சொன்ன சொல் தவறாமல். கட்டி முழுசாக வந்துவிட்டது. அவள் முழித்து "வலிக்குது" என்று முனகியபோது, "எங்க வலி, அம்மா? வயிறா, முதுகா?" என்று தமிழில் கேட்கத் தலைமாட்டில் ஆள் இருந்தது. வார்ட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் மாற்றியதும், பூங்காவனம் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, "சாயம்…" என்றாள்.

"இன்னும் குடிக்கக் கூடாது, அம்மா" என்றார் மிஸ், ஈரப்பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்தபடி.

"எனக்கில்ல மிஸ், உங்களுக்கு. காலையில இருந்து பட்டினி. இந்தாங்க, மிஸ்ஸுக்கு ஊத்திக் குடுங்க" என்றாள் புருஷனிடம்.

ஆறுமுகம் பிளாஸ்க் மூடியில் ஊற்றினார். காலையில் போட்ட தண்ணி, சீனி கிடையாது, ஆறிச் சில்லென்று கிடந்தது. மிஸ் என்னைப் பார்த்தார். நான் ட்ரொலிச் சக்கரத்தைப் பார்த்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அரைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்திருந்த பூங்காவனம் புருஷனைக் கூப்பிட்டாள்.

"பாவங்க, பசி அடங்கல. இன்னொரு மூடி ஊத்துங்க."

குடிக்காதவள் குடித்தேன் என்றதையும் குடித்தவர் குடிக்காத மாதிரி நடித்ததையும் ஒரே வார்ட்டில் பார்த்துவிட்ட நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்த இரண்டாவது மூடியும் மிஸ்ஸின் தொண்டையில் இறங்கி முடிந்த பிறகுதான் பூங்காவனம் நிம்மதியாகக் கண்ணை மூடினாள், அப்போது நான் கால்மாட்டில் நின்றதால் அது சிரிப்புத்தான் என்று நன்றாகவே தெரிந்தது.