பத்திய சிப்ஸ்

எங்க வூட்டுக்காரரை நெஞ்சுவலிக்கு வைத்தியம் பாத்து ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்ததும், நான் செஞ்ச முதல் வேலை மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கிப் பரண்மேல வெச்சது. பத்தியம்னா பத்தியம். அதுல எங்கிட்ட விளையாட்டே கெடையாது.

அவருக்கோ சாயங்காலம் டீயோட மொறுமொறுன்னு எதையாவது கடிச்சே ஆவணும். உளுந்தூர்பேட்டையில பஸ் மாறுனா கையில கார சிப்ஸ் இல்லாம வரமாட்டாரு. பொரிச்சதே ஆகாதுன்னு ஆனதும், மெட்ராஸ்ல இருக்கிற எங்க பொண்ணு ஒரு சின்ன ஓவன் வாங்கி அனுப்பினா. டார்ட்டில்லா சிப்ஸ்னு ஒண்ணைப் போன்ல காட்டி, "நம்ம காட்டு மக்காச்சோளத்துலயே செய்யலாம்மா"ன்னா. கோழித் தீவனத்துக்கு லாரி ஏத்துற சோளத்தை மனுஷன் திம்பானான்னு சிரிச்சேன்.

ஆனாலும் செஞ்சேன். வெறும் சோளமாவு கைக்கு அடங்காது, ஓரமெல்லாம் வெடிக்கும். கால்வாசி கோதுமை மாவு சேத்து, வெந்நீர் ஊத்திப் பிசைஞ்சு, மெல்லிசாத் தேய்ச்சு, முக்கோணமா அறுத்து, முள்ளுக்கரண்டியால குத்திவிடணும். இல்லேன்னா பூரியாட்டம் உப்பிக்கும். எண்ணெய் பேருக்குத் தடவி ஓவன்ல வெச்சு, பாதியில ஒருதரம் திருப்பிப் போட்டா போதும்.

ஒண்ணைக் கடிச்சுட்டு, "இன்னாமே, அட்டையைச் சுட்டு வெச்சிக்கிற? துளி காரம் தூவேன்"னாரு.

"நாக்கு கேக்குறதெல்லாம் குடுத்தா நெஞ்சு நின்னுடும். பேசாம துன்னுங்க."

எட்டு மாசம் தெனமும் இதே பேச்சு. ஒரு நாள் நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரம் பாத்து, நாற்காலி போட்டு ஏறி டப்பாவை எடுத்துட்டாரு. நான் வரும்போது ஒரு தட்டு சிப்ஸ் மேல செக்கச்செவேல்னு தூவி, ஒண்ணை வாயில போட்டுக்கினு இருந்தாரு. எனக்கு வந்துதே கோவம்! தட்டைப் புடுங்கிக் குப்பையில கொட்டினேன். அவரு விரல்ல ஒட்டியிருந்த தூளை நக்கிக்கினாரு.

அந்த வாரமே போய்ச் சேந்துட்டாரு.

அப்புறம் நான் ஓவனைத் தொடலை. ஆனாலும் டீ போடுற நேரமானா சோளம் சுடுற வாசனை வரும். முதுகுக்குப் பின்னாடி, "துளி காரம் தூவேன்." திரும்பினா ஆள் இருக்காது. அவரு வர்றது எனக்குப் பயமில்லை. இன்னா பதில் சொல்றதுன்னுதான் பயம்.

வருஷப் படையலுக்கு வந்த பொண்ணு, பீரோவுல கெடந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் படிச்சா. "உப்பு, எண்ணெய்தானேம்மா கம்மி பண்ணச் சொல்லிக்கிறாங்க? காரத்தைப் பத்தி ஒண்ணுமே இல்லையே!"

நான் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். இல்லை. பிள்ளை பெத்தவளுக்கும் காமாலைக்காரனுக்கும் எங்க வூட்டுல வெக்கிற பத்தியத்தை, டாக்டர் சொல்லாமலே நான் அவரு தலையில கட்டியிருக்கேன். பாவி, வாய்க்கு ருசியா ஒரு பருக்கை குடுக்காம அனுப்பிட்டேனே!

அன்னிக்கே ஓவனைத் தொடச்சு சிப்ஸ் செஞ்சேன். மிளகாய்த்தூளைக் கையால அள்ளித் தூவினேன். நெடியில வூடே இருமுச்சு. வடை பாயசத்தோட அவரு படத்துக்கு முன்னாடி இலையில வெச்சு, விளக்கேத்தி, கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய வந்தோம். செத்தவங்க வந்து சாப்பிடுவாங்கன்னு எங்க பக்கம் நம்பிக்கை. கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவைத் தட்டுவோம். தட்டினா அவங்க எழுந்து போயிடுவாங்க.

உள்ள மொறுக்குன்னு ஒரு சத்தம்.

"சூடு ஆறுதும்மா, அதான்"னா பொண்ணு. அவ முகமும் வெளுத்துதான் இருந்துது. மறுபடியும் மொறுக்.

கொழுந்தனாரு கதவுகிட்ட போனாரு. "நேரமாச்சி அண்ணி, பசங்க பசியோட இருக்குதுங்க. தட்டட்டா?"

நான் கதவை மறிச்சிக்கினு நின்னேன்.

"தட்டாதீங்க. ஒருதரம் பாதித் தீனியில எழுப்பிட்டேன் அந்த மனுஷனை. இன்னிக்கி அவரா எழுந்திருக்கட்டும்."