சந்தே ஏற்றிய டிக்கெட் விலை

தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிக்காரர்கள்தான். எல்லாருக்கும் ஊரில் ஒரே அம்மன் கோயில். அதன் கொடைத் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். ரயிலில் இடம் இல்லாததால் மதுரை விமானத்துக்குப் போனில் விலை பார்த்தேன். நம்ப முடியாத அளவுக்குக் குறைவு! உடனே சந்தின் வாட்ஸ்அப் குரூப்பில், "பிளைட் சஸ்தா, ரொம்ப மலிவு! ஜல்தி டிக்கெட் போடுங்க" என்று எழுதிவிட்டு, சோறு வடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் விலை இரண்டு மடங்கு.

மாட்டுங்காவில் டிராவல்ஸில் வேலை பார்க்கும் என் தம்பியிடம், "ஏலே, நம்ம கொடை விமானக் கம்பெனிக்காரனுக்கு எப்படில தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அவனுக்குக் கொடையெல்லாம் தெரியாதுக்கா. குறைஞ்ச ரேட்டுக்குக் கொஞ்சம் சீட்டுதான் வச்சிருப்பான். அது தீந்துட்டுன்னா கம்ப்யூட்டரே ரேட்ட ஏத்திரும். அதுக்குள்ள யாருக்கா அத்தன பேரு வாங்குனது?"

குரூப்பைத் திறந்து பார்த்தேன். வாங்கியது எங்கள் சந்து!

நேர்ச்சையாயிற்றே, கேட்ட விலையைக் கொடுத்து ஏறினேன். முன்னும் பின்னும் எங்கள் சந்து முகங்கள். ஒரே விமானம், ஒரே மாதிரி இருக்கை, தலைக்கொரு விலை! மனிதர் யாரும் உட்கார்ந்து பேரம் பேசாமலே ஒரு கணினி இதைச் செய்கிறதே என்று மதுரை வரும்வரை பிரமித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, "நீ சொன்னதாலதான் பிள்ள எனக்குச் சஸ்தால கிடைச்சுது" என்றார்.

இப்போதும் குறைந்த விலையைக் கண்டால் குரூப்பில் போடத்தான் செய்கிறேன். என் டிக்கெட் போனில் வந்து விழுந்த மறுநிமிடம்!

- பே. இசக்கியம்மாள், தாராவி, மும்பை